நூற்றுக்கு ஒன்று: போகஹாண்டஸ் கவுண்டியில் ஐந்து நாள்

நாள் 1, வியாழன்

அப்பாவுக்கு முட்டி வலி. ஆறு மாத விசாவில் அமெரிக்காவுக்கு வந்தவரை வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கவும் மனசில்லை. மலை ஏறத் தேவையில்லாத மலைப்பாதை ஏதாவது இருக்கிறதா என்று தேடியபோதுதான் மேற்கு வர்ஜீனியாவின் கிரீன்பிரையர் ஆற்றுப் பாதை கண்ணில் பட்டது. தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் விட்டிருக்கும் பழைய ரயில் பாதை அது. 78 மைல். "ஏற்றம் நூற்றுக்கு ஒன்றுதான்" என்று எழுதியிருந்ததை அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். "ஒன் இன் ஹண்ட்ரடா? அப்ப நான் வர்றேன்" என்றார்.

அப்பா தெற்கு ரயில்வேயில் 34 வருஷம் இருந்தவர். தண்டவாளத்தைப் பராமரிக்கும் கேங்மேனாகச் சேர்ந்து, கீமேன் ஆகி, அந்த கேங்குக்குத் தலைவரான மேட்டாக ஓய்வு பெற்றார். சில வருஷம் செங்கோட்டை–புனலூர் பக்கம், மற்றபடி பெரும்பாலும் மதுரை–போடி மீட்டர் கேஜ்தான். ஸ்பானரும் சுத்தியலும் தூக்கிக்கொண்டு தினமும் லைனில் நடந்ததில் போன முட்டி அது.

அம்மா வரவில்லை. வளைந்து போகும் சாலை என்று சொன்னாலே அவருக்குக் குமட்டும். கணவருக்கு ஆபீஸில் ஆன்-கால் வாரம். ஆகவே நான், அப்பா, பதினோரு வயது மகன். காலை ஆறரைக்கு வடக்கு வர்ஜீனியாவில் கிளம்பினோம். பின்சீட்டில் ரைஸ் குக்கர், இட்லிப்பொடி, ஒரு டப்பா புளிக்காய்ச்சல்.

ஸ்டான்டன் வரை நெடுஞ்சாலை. அப்புறம் 250-ஆம் சாலை. ஒரு மலை ஏறி இறங்கினால் பள்ளத்தாக்கு, மறுபடி ஒரு மலை. மான்டெரே என்ற சின்ன ஊரைத் தாண்டி, ஒரு மலை உச்சியில் மாநில எல்லை. அம்மா வராதது எல்லோருக்கும் நல்லதாகப் போயிற்று.

எல்லை தாண்டியதும் போகஹாண்டஸ் கவுண்டி. "கவுண்டின்னா நம்ம ஜில்லா மாதிரியாத்தா?" என்றார் அப்பா. ஆமாம் என்றேன். பரப்பில் தேனி ஜில்லாவைவிடக் கொஞ்சம்தான் சிறியது. ஆனால் 2011 கணக்கெடுப்பில் தேனியில் பன்னிரண்டரை லட்சம் பேர். இங்கே எட்டாயிரத்துக்கும் குறைவு. அப்பா நம்பவில்லை. சாயங்காலம் வரை வழியில் பார்த்த ஆட்களை எண்ணிக்கொண்டே வந்தார். பிறகு நம்பினார்.

போன் சிக்னல் எங்கே போனது என்று கவனிக்கவில்லை. மகன்தான் கவனித்தான், துக்கத்தோடு. இங்கே 13,000 சதுர மைலுக்கு 1958-லிருந்து ரேடியோ அமைதி வட்டாரம் என்று ஒன்று இருக்கிறது. காரணம் கிரீன் பேங்க் ஊரில் இருக்கும் ரேடியோ தொலைநோக்கி. வானத்திலிருந்து வருகிற ரேடியோ அலை அவ்வளவு மெல்லியது; பக்கத்தில் ஒரு வைஃபை பெட்டி இருந்தாலே அதற்கு இரைச்சல்.

வழியில்தான் என்பதால் அங்கே இறங்கினோம். சுற்றிக் காட்டும் பேருந்து டீசலில் ஓடுகிறது. பெட்ரோல் வண்டியின் ஸ்பார்க் பிளக் தெறிக்கும் தீப்பொறிகூட ரேடியோ இரைச்சல்தானாம். போன், டிஜிட்டல் கேமரா, ஸ்மார்ட் வாட்ச் எல்லாவற்றையும் அணைக்கச் சொன்னார்கள். அப்பா கையை நீட்டினார். சாவி கொடுக்கிற எச்.எம்.டி. வாட்ச். வழிகாட்டிப் பெண் சிரித்துவிட்டு, "இது பரவாயில்லை" என்றார். எங்கள் மூவரில் மணி தெரிந்த ஒரே ஆள் அப்பாதான்.

தொலைநோக்கி 485 அடி உயரம். ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தை ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு வைத்தாலும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். அகலம் ஒரு பக்கம் 100 மீட்டர், மறு பக்கம் 110. எந்தத் திசைக்கும் திருப்பக்கூடிய தொலைநோக்கிகளில் உலகிலேயே பெரியது. மகன் வாயைப் பிளந்து மேலே பார்த்தான். அப்பா கீழே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது தண்டவாளத்துல நிக்குது பாரு."

நிஜம்தான். அவ்வளவு பெரிய சட்டியும் 64 மீட்டர் விட்டமுள்ள ஒரு வட்டத் தண்டவாளத்தின் மேல், 16 சக்கரத்தில் சுற்றுகிறது. எடை எவ்வளவு என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். சுமார் 7,700 டன். அப்பா மனக்கணக்குப் போட்டார்: ஒரு சக்கரத்துக்கு 480 டன். "எங்க லைன்ல ஆக்சிலுக்குப் பன்னெண்டு டன்னு மேல வந்தா பி.டபிள்யூ.ஐ. குதிப்பாரு" என்றார். லைனுக்குப் பொறுப்பான இன்ஸ்பெக்டரைச் சொல்கிறார். திரும்பும்போது பேருந்து ஜன்னல் வழியாகக் கழுத்தைத் திருப்பி அதையே பார்த்துக்கொண்டு வந்தார்.

இரவு தங்கல் மார்லிண்டனில், ஆற்றோரம் ஒரு வாடகை வீடு. இங்கே வைஃபை இருக்கிறது, அதனால்தான் இந்தப் பதிவு.

நாள் 2, வெள்ளி

காஸ். ஒரு மரக் கம்பெனி தனக்காகக் கட்டிக்கொண்ட ஊர். 1901-இல் ஆரம்பம். ஒரே மாதிரி வெள்ளை வீடுகள் வரிசையாக நிற்கின்றன, நம் ஊர் ரயில்வே குவார்ட்டர்ஸ் போல. கம்பெனிக் கடை, கம்பெனி ஆலை, கம்பெனி ரயில். மலையில் இருந்த ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரங்களை வெட்டிக் காகிதத்துக்கும் பலகைக்கும் அனுப்பினார்கள். 1960-இல் ஆலையை மூடினார்கள். மாநில அரசு வாங்கியது. 1963-லிருந்து அதே ரயிலில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றுகிறார்கள். மரம் ஏற்றிய தட்டு வண்டிகளுக்குக் கூரையும் பெஞ்சும் போட்டிருக்கிறார்கள்.

அக்டோபரில் இலை நிறம் மாறுவதைப் பார்க்கக் கூட்டம் அலைமோதும், முன்பதிவு இல்லாமல் வராதீர்கள். நான் ஆகஸ்டிலேயே போட்டும் உச்சி வரை போகும் வண்டியில் இடமில்லை. வழியில் விட்டேக்கர் என்ற இடம் வரைதான் கிடைத்தது, நான்கு மைல் ஏற்றம், போய்வர இரண்டு மணி நேரம்.

எஞ்சின் ஷே வகை. இதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சாதாரண நீராவி எஞ்சினில் பிஸ்டன் நேராகச் சக்கரத்தைத் தள்ளும். ஷேயில் பிஸ்டன்கள் வலது பக்கம் செங்குத்தாக நின்று, எஞ்சினின் நீளத்துக்கும் ஓடும் ஒரு தண்டைச் சுற்றும். தண்டிலிருந்து பல்சக்கரங்கள் வழியாக எல்லாச் சக்கரங்களுக்கும் விசை. எடை சமன் ஆவதற்காகப் பாய்லரை இடப் பக்கம் தள்ளி வைத்திருக்கிறார்கள். முன்னாலிருந்து பார்த்தால் தோளில் குடம் வைத்துச் சாய்ந்து நடக்கிற மாதிரி இருக்கிறது. வேகம் கிடையாது. கூடவே ஓடிவந்து ஏறலாம். சத்தம் மட்டும் எக்ஸ்பிரஸ் போல.

அப்பா எஞ்சினைச் சுற்றி இரண்டு தடவை நடந்தார். "ஏத்தம் எவ்வளவுன்னு கேளு." அதிகபட்சம் நூற்றுக்குப் பதினொன்று என்றார் கரி அள்ளிப்போடும் இளைஞர்.

"ஒன் இன் நைன்" என்று அப்பா தனக்குள் சொல்லிக்கொண்டார். "ஊட்டி மலை ரயிலே ஒன் இன் ட்வெல்வுதான். அதுக்கே நடுவுல பல்லுத் தண்டவாளம் வேணும். இதுக்குப் பல்லு எங்க?"

மொழிபெயர்த்தேன். பல் தண்டவாளத்தில் இல்லை, எஞ்சினுக்குள்ளேயே இருக்கிறது என்று அந்த இளைஞர் பல்சக்கரத்தைத் தொட்டுக் காட்டினார். அப்பா அதைத் தொடப் போனார்; சூடு என்று தடுத்தார்கள். பிறகு அப்பா கையால் மண்ணள்ளித் தூவுவது போல் செய்து காட்டினார். இளைஞருக்கு உடனே புரிந்துவிட்டது. ஆமாம், சக்கரம் வழுக்கினால் மணல் தூவுவோம் என்று தலையாட்டினார். அதற்கு மேல் நான் தேவைப்படவில்லை. இருவரும் சைகையிலேயே கால் மணி நேரம் பேசினார்கள்.

மலைமேல் போகும் வழியில் இரண்டு இடத்தில் வண்டி ஒரு முட்டுவரை போய் நின்று, பின்னோக்கி அடுத்த படிக்கு ஏறுகிறது, இசட் எழுத்துப் போல. வளைந்து திரும்ப மலையில் இடமில்லாததால் இந்த ஏற்பாடு. புகை கண்ணில் விழுந்து மகன் அழுதான், அழவில்லை என்றான்.

மேலே குளிர். புளிசாதம் ஆறிப்போயிருந்தது. வந்த வழியில் பார்த்த காடு முழுக்க ஒரு தடவை மொட்டையடிக்கப்பட்டுத் திரும்பி வளர்ந்தது என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். இந்த மலைகளை மொட்டையடித்ததில் கீழே வெள்ளம் வந்து, காட்டுத்தீ வந்து, கடைசியில் மத்திய அரசு நிலத்தை வாங்கி 1920-இல் மொனங்கஹேலா தேசியக் காடு என்று அறிவித்தது. மரத்தைக் கீழே கொண்டுபோனது இதே ரயில். நாளை நாங்கள் போகப்போகும் ஆற்றுப் பாதைதான் அதை வெளியூருக்குக் கொண்டுபோனது.

மாலை மார்லிண்டனில் கொஞ்சம் நடந்தோம். ஊர்ப் பெயருக்கு ஒரு கதை உண்டு. 1749-இல் ஜேக்கப் மார்லின், ஸ்டீபன் செவெல் என்று இருவர் இந்தக் காட்டில் வந்து குடிசை போட்டார்கள். சுற்றிலும் வேறு வெள்ளைக்காரர் யாருமே இல்லை. இருவருக்கும் மதச் சண்டை வந்து, ஒருவர் கோபித்துக்கொண்டு பக்கத்தில் ஒரு சிகமோர் மரப் பொந்துக்குக் குடிபோய்விட்டாராம். இரண்டு வருஷம் கழித்து நிலம் அளக்க வந்தவர்கள் கண்டபோது ஒருவர் குடிசையில், ஒருவர் பொந்தில். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "ரெண்டே பேரு. அதுலயும் வடகலை தென்கலை!"

நாள் 3, சனி

இதற்காகத்தான் வந்தோம்.

வாடகை சைக்கிள் எடுத்தால் அவர்களே வேனில் கொண்டுபோய் மேலே இறக்கிவிடுகிறார்கள். ஆறு ஓடும் திசையிலேயே மிதித்து இறங்கி வரலாம். காஸிலிருந்து மார்லிண்டன் வரை 25 மைல். அப்பா முட்டியை நினைத்து குளோவர் லிக் என்ற இடத்தில் இறங்கிக்கொண்டோம். அங்கிருந்து 15 மைல், நம் கணக்கில் 24 கிலோமீட்டர். பழைய ஸ்டேஷன் கட்டடம் ஒன்றைச் சரிசெய்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பிளாட்பாரம் இருக்கிறது, லைன் இல்லை.

அப்பா முப்பது வருஷம் ஹெர்குலிஸ் மிதித்தவர். இந்த சைக்கிளில் இருபத்தொரு கியர். "எதுக்கு இவ்வளவு?" என்று ஒன்றில் போட்டுவிட்டு அப்புறம் தொடவே இல்லை. தொடாத கியரிலேயே சங்கிலி மூன்று தடவை கழன்றது. சிக்னல் இல்லாத காட்டில், வாடகைக்குக் கொடுத்தவரைக் கூப்பிட வழியில்லை. மூன்று தடவையும் அப்பாவே ஒரு குச்சியை வைத்து மாட்டினார். கையில் கறுப்பு மசி. ஆற்றில் மணலைத் தேய்த்துக் கழுவினார். அவருக்கு அந்த வேலை பிடித்திருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

பாதை பத்தடி அகலம் இருக்கும். பொடித்த சுண்ணாம்புக்கல்லைக் கெட்டியாக அமுக்கியிருக்கிறார்கள். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் ஆறு, மேலே மஞ்சளும் செம்மஞ்சளுமாக மேப்பிள் இலைகள். ஆற்றோரச் சிகமோர் மரங்கள் மேல்பட்டை உரிந்து, சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளையாக நிற்கின்றன. ஆழமில்லாத தெளிந்த தண்ணீர். முழங்காலளவு தண்ணீரில் நின்று ஒருவர் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். அவருக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு நாரை, அதே வேலையாக. கிரீன்பிரையரில் பெரிய அணை எதுவுமே கிடையாது என்று சொன்னேன். வைகைக் கரையில் வளர்ந்த மனுஷன் அதை ஒரு மாதிரிக் கேட்டுக்கொண்டார்.

முதல் இரண்டு மைல் அப்பா இதையெல்லாம் பார்த்தார். மூன்றாவது மைலில் ஒரு கான்கிரீட் கல் வந்தது. இறங்கிவிட்டார்.

"மைல் போஸ்டு."

ரயில் காலத்துக் கல்தான். 68. அடுத்தது 67. "அப்ப ஜீரோ எங்க?" தெற்கே விட்கம்ப் என்ற இடத்தில் மெயின் லைனிலிருந்து இந்தக் கிளை பிரிந்தது, அங்கிருந்து எண்ணினார்கள், பாதை இப்போது மூன்றாம் மைலில்தான் ஆரம்பிக்கிறது என்றேன். "ஜீரோவைப் பாக்கணும்" என்றார். சரி, ஞாயிறு தாண்டிப் பார்ப்போம் என்று சொல்லிவைத்தேன்.

அதிலிருந்து அது அவர் செக்ஷன் ஆகிவிட்டது. ஓரத்தில் பள்ளமாக ஓடுவது சைடு டிரெயின், அதாவது வடிகால். இலை அடைக்காமல் வழித்து வைத்திருக்கிறார்கள், நல்ல மேட். இந்தக் கல்வர்ட்டுக்குக் கல்லைச் செதுக்கி வைத்தவன் வேலை தெரிந்தவன். இங்கே பாதை கொஞ்சம் சாய்ந்திருக்கிறது பார், இது வளைவு, வெளிப்பக்கத் தண்டவாளத்தை உயர்த்தியிருப்பார்கள். சைக்கிளை உருட்டிக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்தார். நடை சரியாக வரவில்லை என்றார். ஏன் என்று கேட்டேன். "கட்டை இல்ல." ஸ்லீப்பர் கட்டை விட்டுக் கட்டை கால் வைத்தே பழகிய நடை, வெறும் தரையில் எட்டு எங்கே வைப்பது என்று காலுக்குத் தெரியவில்லை. வீட்டில், கடையில், எங்கேயும் அப்பா ஒரே அளவாக எட்டு வைப்பதை நாற்பது வருஷமாகப் பார்க்கிறேன். காரணம் இன்றைக்குத்தான் தெரிந்தது.

கொஞ்சம் தள்ளிப் புதருக்குள் இன்னொரு கல். அதில் எண் இல்லை. டபிள்யூ என்று ஒரே எழுத்து. மகன் "வெஸ்ட்" என்றான். அப்பா அவனைத் திரும்பிப் பார்த்தார்.

"விசில்டா. டிரைவர் இங்க விசில் அடிக்கணும். முன்னாடி ரோடு குறுக்க வருதுன்னு அர்த்தம்."

நம் ஊர் லைனில் மஞ்சள் பலகையில் டபிள்யூ பை எல் என்று இருக்குமே, அதேதான். முன்னால் போய்ப் பார்த்தோம். மண் சாலை ஒன்று குறுக்கே போனது. மகன் திரும்பி ஓடிவந்து அந்தக் கல்லைத் தாண்டும்போது "கூ" என்று நீளமாகக் கத்தினான். எதிரே சைக்கிளில் வந்த ஒரு வயதான தம்பதி ஏதோ புரிந்துகொண்டு அவர்களும் கத்தினார்கள்.

65-க்கும் 66-க்கும் இடையில் ஷார்ப்ஸ் குகை. இந்தப் பாதையின் இரண்டு குகைகளில் பெரியது, 511 அடி. மலையைச் சுற்றி வளைகிறது ஆறு. ரயில் அப்படி வளைய முடியாது, மலையைக் குடைந்துவிட்டார்கள். 1900-இல். உள்ளே கும்மிருட்டு. மகனின் தலைவிளக்கு நேற்றிரவு புத்தகம் படித்ததில் பேட்டரி தீர்ந்திருந்தது. என் போன் வெளிச்சத்தில் உருட்டிக்கொண்டு போனோம். போனுக்கு இந்த ஊரில் கிடைத்த ஒரே வேலை. அப்பா சுவரைத் தடவிக்கொண்டே வந்தார். செங்கோட்டை லைன் குகைகளில் நடுவழியில் வண்டி வந்துவிட்டால் ஒதுங்கிக்கொள்ள சுவரில் குழி இருக்கும். இங்கே தேடியது அதைத்தான். தேடாதே, வண்டி வராது என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை.

குகையை ஒட்டியே ஆற்றுப் பாலம், 229 அடி. அங்கே உட்கார்ந்து சாப்பிட்டோம். அப்பா வெகுநேரம் பேசவில்லை. 1978 டிசம்பரில் இந்த லைனை மூடினார்கள். மரம் தீர்ந்தது, ஆலைகள் போயின, மிச்சத்தை லாரி எடுத்துக்கொண்டது.

"போடி லைன 2010 கடைசில மூடுனாங்க. கடைசி வண்டிக்கு மாலை போட்டோம். நான் அழுதேன்னு உங்கம்மா இன்னும் சொல்லிக் காட்டுவா" என்றார். "ஆனா பன்னெண்டு வருஷம் கழிச்சு அகலப் பாதையாத் திரும்பி வந்துருச்சு. இது வரலையே."

"இது பாதையாவாவது இருக்கேப்பா."

"அதான் யோசிக்கிறேன்" என்றார். "லைன எடுத்துட்டா ஆறு மாசத்துல நம்மூர்ல பிளாட் போட்டுருவான்."

மீதி வழி மிதிக்கவே தேவையிருக்கவில்லை. இறக்கம் கண்ணுக்குத் தெரியாது, சக்கரத்துக்குத் தெரியும். நீராவி எஞ்சின் சுமையோடு திணறக் கூடாது என்று நூறு வருஷத்துக்கு முன்னால் யாரோ அளந்து வெட்டிய சரிவு, இன்று ஒரு முட்டிக்கு உதவியது. மார்லிண்டன் ஸ்டேஷன் 56-ஆம் மைலில். 1901-இல் கட்டிய மூலக் கட்டடம் 2008-இல் எரிந்துபோய், அதே போலத் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். அப்பா சைக்கிளை நிறுத்திவிட்டு எச்.எம்.டி.யைப் பார்த்தார். "அஞ்சு மணி நேரம். பாசஞ்சர் வேகம்."

உண்ணி இருக்கிறதா என்று மூவரும் கால்களைச் சோதித்தோம். ஒன்று, என் காலுறையில். நல்ல வேளை கடிக்கவில்லை. புல்லில் உட்கார்வதற்கு முன் பேண்ட்டைக் காலுறைக்குள் விட்டுக்கொள்ளுங்கள்.

நாள் 4, ஞாயிறு

காலையில் ஊர் உணவகம் ஒன்றில் பக்வீட் அப்பம். கறுப்பு நிறம், லேசான புளிப்பு. "கேப்பை தோசைதான். சட்னியை மறந்துட்டு சர்க்கரைப் பாகு ஊத்திட்டான்" என்பது அப்பாவின் தீர்ப்பு. மூன்று சாப்பிட்டார்.

பிறகு கிரான்பெரி கிளேட்ஸ். 750 ஏக்கர் சதுப்பு, சுமார் 3,400 அடி உயரத்தில். கனடாப் பக்கம் பார்க்க வேண்டிய செடிகள் இந்தக் குளிர்ந்த பள்ளத்தாக்கில் தங்கிவிட்டன. அரை மைலுக்குப் பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள். அதைவிட்டு இறங்கக் கூடாது. கீழே இருப்பது மண் இல்லை. ஆயிரக்கணக்கான வருஷமாக மட்காமல் சேர்ந்த பாசி. ஈரப் பஞ்சு மெத்தை. கைப்பிடியருகே குனிந்தால் கிரான்பெரி, தரையோடு தரையாக, செவ்விலந்தை அளவு. பறிக்கக் கூடாது. பூச்சி தின்னும் குடுவைச் செடிகள் ரத்தச் சிவப்பு நரம்புகளோடு வாயைத் திறந்து நின்றன. ஒன்றின் குடுவையில் மழைத்தண்ணீரும் மூன்று எறும்பும். சத்தில்லாத நிலத்தில் பிழைக்க இது ஒரு வழி. மகன் அதன் பக்கத்திலிருந்து வரவே மாட்டேன் என்றான். இந்தப் பயணத்தில் அவனுக்குப் பிடித்த இடம் எது என்று கேட்டால் குகை என்று சொல்வான் என்று நினைத்தேன். இந்த எறும்புகள்தானாம்.

ஹில்ஸ் கிரீக் அருவிகள் அங்கிருந்து பக்கம். மூன்று அருவி: 25 அடி, 45 அடி, 63 அடி. முதலாவது வரை நல்ல தளம் போட்ட வழி. அப்புறம் படிக்கட்டு, படிக்கட்டு, மேலும் படிக்கட்டு. அப்பா முதல் அருவியிலேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "இது எஞ்சினுக்கு ஆகாது" என்றார். நானும் மகனும் கீழே போனோம். மூன்றாவது அருவி பாறை விளிம்பிலிருந்து ஒரே தாரையாக விழுகிறது. நின்ற இடத்தில் முகம் நனைந்தது. அழகுதான். ஆனால் திரும்பி ஏறும்போது ஒவ்வொரு படியிலும் நேற்றைய பாதையை நினைத்துக்கொண்டேன். மேலே வந்தபோது அப்பா யாரோ ஒரு பாட்டியிடம் ஆப்பிள் வாங்கித் தின்றுகொண்டிருந்தார். எந்த மொழியில் பேசினீர்கள் என்று கேட்டேன். "முட்டி வலிக்கு என்னத்தா மொழி?"

இரவு பனிமூட்டம் இல்லை. வாட்டோகா பூங்காவுக்கு ஓட்டிப் போனோம். மாநிலப் பூங்காக்களில் பெரியது. 2021-லிருந்து இருள் வானப் பூங்கா என்றும் பெயர். விளக்கை அணைத்துவிட்டுக் காருக்கு வெளியே நின்றோம். பால்வெளி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை. மகன் இதுவரை பார்த்ததில்லை. அப்பா, நைட் பீட்டில், ராத்திரி லைனில் ரோந்து நடக்கும்போது, ஆண்டிபட்டி கணவாய்ப் பக்கம் இப்படித்தான் இருக்கும் என்றார். அரை மணி நேரத்தில் விரல் மரத்துவிட்டது.

நாள் 5, திங்கள்

திரும்பும் நாள். 219-ஆம் சாலையில் தெற்கே. டிரூப் மலையில் 1863 நவம்பர் 6-ஆம் தேதி உள்நாட்டுப் போரின் சண்டை நடந்த இடம். காட்சிக் கோபுரம் ஏறிப் பள்ளத்தாக்கைப் பார்த்தோம். அதை அடுத்த பேர்டவுன் பூங்காதான் நன்றாக இருந்தது: வீட்டளவு மணற்பாறைகள் பிளந்து, நடுவில் சந்துபொந்துகள், தெருக்கள். பலகைப் பாதையில் அரை மைல். பாறை இடுக்குகளில் வெயில் படாத பச்சைப் பாசி. அரை மணி நேரம் போதும்.

அதற்குப் பிறகு நேராக நெடுஞ்சாலை ஏறியிருக்க வேண்டும். ஆனால் "ஜீரோ."

வடக்கு கால்டுவெல், பாதையின் தெற்கு முனை. இது அடுத்த கவுண்டி. கார் நிறுத்தும் இடம், ஒரு தகவல் பலகை, மூன்றாம் மைல். அப்பா தெற்கே பார்த்தார். பாதை இல்லை. "மிச்ச மூணு மைல்?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. மெயின் லைனையாவது காட்டுகிறேன் என்று ரான்செவெர்ட்டுக்கு ஓட்டினேன். ஆற்றோரம் பழைய ரயில்வே ஊர். லைனைத் தாண்டும் சாலை ஓரமாகக் காரை நிறுத்தினேன். அப்பா இறங்கி, வேலிக்கு இந்தப் பக்கமே நின்று, கண்ணுக்கு மேல் கை வைத்துப் பார்த்தார். தண்டவாளத்தின் தலை வெயிலில் வெள்ளிக் கம்பியாக மின்னியது.

"துரு இல்ல. ஓடுது" என்றார்.

மணி பார்த்தார். ஒரு கால் மணி நேரம் பார்ப்போமா என்று கேட்டார். மகன் பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தான். நான் எஞ்சினை அணைத்தேன். இருபத்தைந்து நிமிஷம் நின்றோம். எதுவும் வரவில்லை. "கூட்ஸுக்கு டயம் கிடையாது" என்று அவரே எனக்குச் சமாதானம் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார். பெல்ட்டை மாட்டும்போது விரல் நகத்தில் சங்கிலி மசி இன்னும் இருந்தது.